வெள்ளிக்கிழமை மீன்

என் ரோசம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகியும் இந்த வீட்டில் உன் பேச்சுதான் செல்லுபடியாகிறது. விளக்கு வைத்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் பாயை விரித்துவிட்டு, நம் மூத்தவள் தெரசா, "அம்மா இருந்தா இந்நேரம் ஜெபத்த ஆரம்பிச்சிருக்கும்" என்று என்னை முறைக்கிறாள். உன் முறைப்பு அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு. பிழைத்துக்கொள்வாள்.

ஆமாம், ஜெபமாலை நான்தான் சொல்கிறேன். சிரிக்காதே. இத்தனை வருஷமும் நீ பிள்ளைகளோடு உள்ளே சொல்ல, நான் வாசற்படியில் பீடியும் கையுமாகக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்? தானாக வாயில் வந்துவிட்டது. எந்தக் கிழமைக்கு எந்தத் தேவ இரகசியத்தைத் தியானிப்பது என்பதில் மட்டும் தடுமாறுவேன். அதைச் சவரி திருத்துவான். அஞ்சு வயசுப் பயலுக்கு அப்பனைத் திருத்துவதில் எவ்வளவு குஷி!

ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பட்டணமே காலியான வருஷத்தில் நமக்குக் கல்யாணம். நான் உன் கிறிஸ்து வேதத்தில் சேராதவன் என்பதால் கோயில் பீடத்துக்கு முன்னால் நிற்க விடவில்லை. பின்னறையில்தான் தாலி கட்டினேன். பிறக்கிற பிள்ளைகளை உன் வேதத்தில் வளர்ப்பேன் என்று சாமியாரிடம் வாக்குக் கொடுத்தேன். வளர்க்கப்போவது நீதானே, நமக்கென்ன சிரமம் என்று நினைத்தேன். நீ இப்படிப் பாதியில் எழுந்து போவாய் என்று யார் கண்டது?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை உன் அண்ணன் லாசர் வந்தார். கட்டுமரம் கரைக்கு வந்த கையோடு நாலு சங்கரா மீனை ஓலைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"கோச்சிக்காத மச்சான். வெள்ளிக்கிழமைல கவுச்சி ஏத்த மாட்டேன். புள்ளைங்கள ரோசு வளத்தாப்லயே வளக்கணும்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கறிதான்யா ஆவாது. மீனு துன்னலாம். ராயபுரத்துல எந்த வேதக்கார வூட்டுல வேணா போய்ப் பாரு, வெள்ளிக்கிழமைன்னா மீன் கொழம்புதான். இதுகூடத் தெரியாத நீ இன்னாத்த வளக்கப் போற? புள்ளைங்கள என் வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

"அப்ப ரோசு ஏன் செய்யல?"

"உன் அம்மாக்காரிதான் கண்ணாலம் ஆன புதுசுல வந்து சொல்லிச்சாம், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஆவாது, அடுப்புல மீனு ஏறக் கூடாதுன்னு. எங்க வூட்டுக்கு வந்தாக்கூட தொடாது. 'அவரு மனசு கஷ்டப்படும்ணா'ன்னு தட்டத் தள்ளிடும்."

எனக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது, ரோசு. அந்த அம்மன் கணக்கெல்லாம் என் அம்மாவோடு சரி. நான் என்றைக்கு அதைப் பார்த்தேன்? துறைமுகத்தில் என்னோடு கிரேன் ஓட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வறுத்த மீனை நீட்டினால், 'எங்க வூட்ல அவங்க வேதத்துக்கு ஆவாதுப்பா' என்று நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன். உனக்காக நான் விட்டேன். எனக்காக நீ விட்டாய். கடற்கரையில் பிறந்தவளே, உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டேனா?

லாசர் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் மூன்று பேரையும் சாமியாரிடம் கூட்டிப்போய் நிறுத்திவிட்டார். சவரி என் வேட்டியைப் பிடித்தவன் விடவே இல்லை. நான் பயந்தேன். வாக்குக் கொடுத்தவன் நான். அதைக் காப்பாற்றத் துப்பில்லை என்று சாமியார் சொல்லிவிட்டால், எந்த முகத்தோடு பிள்ளைகளைக் கொடுக்க மாட்டேன் என்பேன்?

சாமியார் தெரசாவிடம் விசுவாச மந்திரம் கேட்டார். ஒப்பித்தாள். கடவுள் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகள் கேட்டார். ஆறாவதில் தடுக்கி, எழுந்து, முடித்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை ஏனம்மா உங்கள் வீட்டில் மீன் கிடையாது?" என்றார்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஏசுசாமி நமக்கோசரம் செத்த நாளு சாமி அது. அன்னிக்கி நமக்கு ரொம்பப் புடிச்சத விட்டுடணும்னு நைனா சொல்லிச்சி. அம்மாவுக்கு மீனுதான் ரொம்பப் புடிக்கும்."

அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நீ ஏன் மீன் தொடுவதில்லை என்று எனக்குள் நானே கட்டிக்கொண்ட காரணம் அது. சாமியார் அவள் தலையில் கை வைத்தார். அப்புறம், "லாசர், பிள்ளைகள் அப்பனோடேயே இருக்கட்டும். நீ வாரத்துக்கு ஒரு நாள் போய், அவர்களோடு ஜெபமாலை சொல்" என்றார். என்னைப் பார்த்து, "நீர் எப்போது ஐயா ஞானஸ்நானம் வாங்கப்போகிறீர்?" என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ இருக்கும்போது ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லையே, ஏன் ரோசு?

நேற்று வெள்ளிக்கிழமை. லாசர் மறுபடியும் மீனோடு வந்து, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குழம்பு நானே வைத்தேன். புளி தூக்கல், லாசர் சொல்லிக்காட்டிக்கொண்டே சாப்பிட்டார். சவரி மூன்று துண்டு தின்றான். தெரசா முதலில் மாட்டேன் என்றாள். "அம்மா இருந்தா உனக்கு முள்ளு எடுத்து ஊட்டும்டி" என்றேன். சாப்பிட்டாள்.

"நீ துன்னல, நைனா?" என்றாள். பசியில்லை என்றேன்.

ஈஸ்டர் கழிந்து அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப்போகிறாள். வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு அவள் பீடத்துக்குப் போகும்போது, நம்மை நிற்க விடாத அந்த இடத்துக்குப் பக்கத்தில், உன் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகளுக்கு விவரம் தெரியும்வரை ஒரு சாயங்காலமும் ஜெபம் நிற்காது. இது சாமியாரிடம் கொடுத்த வாக்கு இல்லை, உன்னிடம் கொடுப்பது. வெள்ளிக்கிழமையானால் பிள்ளைகள் வயிறார மீன் தின்னட்டும். நான் மட்டும் தொட மாட்டேன். எந்த வேதத்துக்காக என்று யாராவது கேட்டால், என் பெண்சாதிக்குப் பிடிக்கும், அதனால் என்பேன்.

தெரசா, சவரிக்கு நைனா,
உன் வீட்டுக்காரன்,
முனுசாமி