சுவிட்சுக்கு முந்திய கையெழுத்து

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் நினைப்பு. மூன்று சனிக்கிழமையாக நீ அழைக்கவில்லை, நான் அழைத்தாலும் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். அப்பா உன்னிடம் உளறிக்கொட்டியது நேற்றுத்தான் தெரிந்தது. அவர் வாயில் எதுதான் தங்கியது? அரைகுறையாகச் சொல்லியிருப்பார், முழுதும் நான் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் குருத்தெலும்பு வளர்த்துக்கொண்டிருந்தோம். முழங்கால் தேய்ந்து, பிரேக்கை மிதிக்க முடியாமல் ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறார். அவர் இடுப்பெலும்பில் எடுத்த ஸ்டெம் செல்களை, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் பஞ்சு மாதிரியான ஒரு சாரத்தில் ஏற்றி, சத்துநீர் ஊற்றி, ஐந்து வாரம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். சும்மா கிடந்தால் அது உறுதிப்படாது, நடக்கும்போது மூட்டு அமுங்குவதுபோல் ஒரு இயந்திரம் அதை மெல்ல அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சத்துநீர் மாற்றும்போது மட்டும் நிறுத்துவோம். நான் என்ன செய்வேன், "ஓடுகிறது" என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். பதினோரு வருடப் பழக்கம். நீ என்னிடம் கடைசியாகப் பேசிய அந்தச் சனிக்கிழமை, கையெழுத்துப் போட்டதும் நீ அழுதுகொண்டே அழைத்தாய், வெளியே வந்து பேசினேன், அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் இயந்திரம் நின்றிருக்கிறது. பரிசோதனைக்கென்று அதில் வெட்டிக் கொடுத்த துண்டு வெள்ளிக்கிழமையே தேறிவிட்டது, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை, பதிவேடும் சுத்தம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அரை நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். மதியம் பெரிய டாக்டரிடம் சொன்னேன். எவ்வளவு கெட்டிருக்கும் என்றே தெரியாததை ஒருவர் காலில் வைக்க முடியாது என்று அத்தனையையும் எறியச் சொல்லிவிட்டார். ஓட்டுநரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மறுபடியும் இடுப்புல ஊசியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ அழைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று குமைந்துகொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். முன்னால் கையெழுத்துப் போட்டது என் கை. இன்று காலை அவருக்கு மறுபடி ஊசி போட்டார்கள். நான்தான் கூட நிற்க வேண்டும் என்று கேட்டாராம். வலி தாங்காமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கெடுத்த மனிதரே என் கையை விடவில்லை, ஒரு தப்பும் செய்யாத நீ விட்டுவிட்டாயேடி.

நூறு வயது நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் எனக்கு வேலை முடிந்துவிடும், அழுவதானாலும் என்னிடமே அழு.

உன் அம்மா