தொப்பைக்கு மேலேயா, கீழேயா?

முப்பது வருடமாக இடுப்பளவு மாறாத என் அண்ணனுக்கு,

போன திங்கட்கிழமை காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதை நிறுத்திவிட்டேன். இனிமேல் தொப்புளுக்கு நேராகத்தான். வீட்டில் யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. இந்தச் செய்தி முதலில் உனக்குத்தான் வர வேண்டும்.

தி.நகரில் நம் இருவருக்கும் தைத்துக் கொடுத்த பாய், கழுத்திலிருந்து டேப்பை எடுத்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"சார், தொப்பைக்கு மேலயா, கீழயா?"

நீ ஒருமுறைகூட யோசித்ததில்லை. "கீழ, பாய். முப்பத்திரண்டு. எழுதிக்கோங்க."

"அளவே எடுக்க வாணாம் சார். உங்க வயிறு இன்னா பண்ணாலும் நீங்க முப்பத்திரண்டுதான்."

அதை நீ பாராட்டாக எடுத்துக்கொண்டாய்.

எடை மெஷினும் உன் பக்கம்தான் பேசியது. குச்சிக் கை, குச்சிக் கால், தனிக்குடித்தனம் போன வயிறு. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் உயரத்துக்கு ஏற்ற எடை. முதல் மாரடைப்புக்குப் பிறகு உன்னைப் பார்க்க வந்தவர்கள், "இவ்ளோ ஒல்லியா இருக்கீங்க, உங்களுக்கா?" என்று வியந்தார்கள். நீ அண்ணியைக் காட்டி, "அவ சைஸுக்கு அவளுக்குத்தான் வந்திருக்கணும். அட்ரஸ் மாறி எனக்கு வந்துடுச்சு" என்றாய். அண்ணியும் சிரித்தார். இரண்டாவது முறை வந்தபோது அதற்கு அட்ரஸில் எந்தக் குழப்பமும் இல்லை.

உனக்கு முதல் திவசம் கொடுத்த மறுமாதம் எனக்கும் வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன். ஆனால் நீயும் முதல் தடவை பிழைத்தாயே என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடையாறில் இப்போது என்னைப் பார்க்கும் டாக்டரம்மா, போனதும் டேப்பைத்தான் எடுத்தார். நான் பழக்க தோஷத்தில், "கீழ, டாக்டர். முப்பத்துநாலு" என்றேன்.

"சட்டையைத் தூக்குங்க. நான் உங்களுக்கு பேண்ட் தைக்கப் போறதில்ல."

விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் சுற்றி வந்தது. நாற்பத்தொன்று.

"எடை சரியாத்தானே இருக்கு டாக்டர்?"

"அதனாலதான் யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஹார்ட்ல பிரச்சினை இருக்கிறவங்கள்ல, உடம்பு முழுக்கப் பருமனா இருக்கிறவங்களைவிட, எடை சரியா இருந்து வயிறு மட்டும் முன்னால நிக்கிறவங்களைப் பத்திதான் எனக்குக் கவலை. தொடையில சேர்ற கொழுப்பு அவ்வளவு தொல்லை பண்ணாது. வயித்துக்குள்ள சேர்றது பண்ணும்."

"எங்க அண்ணனுக்கு யாரும் இதைச் சொல்லலையே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பாரா?"

கேட்டிருப்பாயா அண்ணா? பாய் சொல்லிப் பார்த்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"இது குறையுமா?" என்றேன். அந்த அறையில் நான் நிஜமாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"குறையும். அது சொன்னா கேக்கிற கொழுப்பு. நீங்க கேட்டா அதுவும் கேக்கும்."

ஐந்து மாதமாக, தினமும் காலையில் மயிலாப்பூரிலிருந்து அபிராமபுரம் போய்த் திரும்புகிறேன். துணைக்கு அண்ணி. துணை என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் எனக்கு இருபதடி முன்னால் போகிறார். "அண்ணி, கொஞ்சம் மெதுவா" என்றால், "உங்க அண்ணனும் இதைத்தான் சொல்வாரு. நடங்க தம்பி" என்று திரும்பாமலே பதில் வருகிறது.  நடக்கிறேன்.

எடை ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. வயிறு முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது.

உனக்கு ஒரு உறுதி தருகிறேன். இனி யார் என் வயிற்றை அளக்க வந்தாலும், நானாக ஒரு எண்ணைச் சொல்ல மாட்டேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

மாதாமாதம் வரச் சொல்லியிருந்த டாக்டரம்மா, நேற்று, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்.

உன் உடம்புவாகோடு பிறந்த
தம்பி