பின்சீட்டில் கமலநாதன் சார்

காஹாங்,
நவம்பர் 5

அன்பு மகன் மதிவாணனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், காடியும் இப்போது சுகம். பெர்த்தில் உனக்கு வேலையும் சாப்பாடும் ஒழுங்காக நடக்கிறதென்று நம்புகிறோம். தீபாவளிக்கு நீ வராதது அம்மாவுக்குப் பெரிய குறை, ஒரு டின் முறுக்கை உனக்கென்று எடுத்து வைத்துவிட்டு என்னைக் கிட்டவே விடமாட்டேன் என்கிறாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன், அதில் நீ பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் படித்துவிடு, பாதியில் கோபப்படாதே.

போன தடவை நான் காடியை ஓட்டிப்போய் நம் வீட்டு கேட் தூணில் இடித்தபோது, இன்னும் ஒரு இடி இடித்தால் காடியை விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். இடித்துவிட்டேன். ஆனால் சாமி முன்னால்தான் இடித்தேன். ஆயுத பூசையன்று நம் மாரியம்மன் கோவிலில் காடிகளை வரிசையாக நிறுத்திப் பூசை போட்டார்கள். நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கண்ணாடியில் சந்தனமும் மாலையும். பூசாரி போகலாம் என்று கையைக் காட்டினார், மாலை வாசத்தில் கியரைக் கவனிக்காமல் நான் பின்னால் போய்விட்டேன். பின்னால் நின்றது உன் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கமலநாதன் சாருடைய காடி. அவருக்கு லைட்டும் பம்பரும் போயின, நமக்குக் கீறல் மட்டும்தான். அவர் பானட் மேல் வைத்திருந்த தேங்காய் உருண்டு விழுந்து தானாக உடைந்தது. இரண்டு காடியையும் பிரிப்பதற்கு நான் முன்னால் எடுத்தபோது நாலு பழமும் நசுங்கின. இரண்டு பேர் பூசையும் நல்லபடியாக முடிந்தது என்று பூசாரி தட்டை நீட்டினார்.

போலீசுக்குப் போனால் எனக்குச் சம்மன். இன்சூரன்சுக்குப் போனால், காடி உன் பெயரில் இருப்பதால் தகவல் நேராக உனக்கு வரும். அதனால் ரிப்பேர் செலவை நானே கட்டுகிறேன், கோவில் மண்டபத்திலேயே பேசி முடித்துக்கொள்வோம் சார் என்றேன். காசு ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார் அவர். என் காடி வர்ற வரைக்கும் நீங்கதான் என்னை ஏத்திட்டுப் போகணும் ராஜசேகரன், உங்களுக்கு ஓட்டத் தெரியுதான்னு நான் பார்க்குறேன், தெரியலைன்னா மதிவாணனுக்கு நானே போன் போட்டுச் சொல்லிருவேன்லா என்றார். அவர் சொன்னால் நீ பெர்த்தில் இருந்தாலும் எழுந்து நின்று கேட்பாய் என்பது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதிய கிராணி நான், சும்மா விடுவேனா? தீபாவளி வரைக்கும் என்று ஒப்பந்தம் எழுதி மூன்று பிரதி எடுத்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மன் காலடியில் ஒன்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கையில் ஒரு பள்ளி நோட்டோடும் சிவப்புப் பேனாவோடும் பின்சீட்டில் ஏறினார். குளுவாங் மார்க்கெட் போய்த் திரும்பியதும் பத்துக்கு மூன்று புள்ளி கொடுத்தார். முன்னால் போன செம்பனை லாரிக்காரனை நான் ஏசினேனாம், அதற்கு இரண்டு புள்ளி கழித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு மறுதிருத்தம் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்தி, பணிவு போதாது என்று இன்னும் ஒரு புள்ளி எடுத்துக்கொண்டார். சிரிக்காதே. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் ஏழு புள்ளி வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவள் கேசரி கிண்டினாள்.

அதற்கு மறுநாள் எண்ணெய் மாற்ற நம் சுகுமாறன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், சாருடைய காடி துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. எப்பவோ முடிஞ்சிருச்சு அங்கிள், சார்தான் இங்கேயே கிடக்கட்டும், உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு என்றான். சார் மனைவி போன வருஷம் தவறிப்போனது உனக்குத் தெரியும். பிள்ளைகள் சிங்கப்பூரில். எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் வரலையாம் சார் என்றேன். அவர் நோட்டைப் பிரித்துக்கொண்டே, மெதுவா வரட்டும் என்றார்.

தீபாவளியோடு ஒப்பந்தம் முடிந்தது. அன்று சார் கொடுத்த தேர்ச்சி அறிக்கைதான் இதோடு இருக்கும் அட்டை. ஓட்டுதல் 61, நன்னடத்தை 40. கீழே அவர் எழுதியிருப்பதைப் பார்: மாணவர் முன்னேறி வருகிறார், தனியாக விடக்கூடாது, தலைமையாசிரியர் உடனிருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். அறுபத்தெட்டு வயதில் பாஸ் ஆனது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மா போட வந்தாள், சார் விடவில்லை. காடி யார் பேரில் இருக்கோ அவன்தான் போடணும் என்றுவிட்டார். அட்டை திரும்பி வரும்வரை நம் காடிச் சாவி அவரிடம். அவர் காடிதான் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதே, அதனால் இரண்டு பேரும் வெயிலில் நடந்துதான் காப்பி குடிக்கப் போகிறோம். வழியில் அதற்கும் புள்ளி போடுகிறார்.

விற்பதென்றால் விற்றுக்கொள், உன் காடி. ஆனால் சாவி இல்லாமல் இந்த ஐந்து நாளும் வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை மகனே. மாதக் கடைசியில் அம்மாவைக் கண் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும், சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மன் உன்னை எந்தக் குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே நீ காடி எடுக்கும்போது கியரைப் பார்த்து எடு. கையெழுத்தை நீலப் பேனாவால் போடு, சிவப்பு சாருக்கு மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் பாதுகாப்பில் இருக்கும் அப்பா,
ராஜசேகரன்