நான் கேட்காமல் நிரப்பிய கட்டம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா இல்லையா என்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனை எடுத்தால் அக்கா அழுது தீர்ப்பாள் என்று நீ நினைத்திருக்கலாம். அதுவும் நியாயம்தான். கடிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காது பார்.

உன் மாமாவுக்கு மூட்டுவலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் இந்த வீட்டைக் கட்டினவனைத் திட்டுகிறார். கட்டியது அவரேதான். நம் வாலு பள்ளிக்குப் போன முதல் நாளே அடுத்த பையனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான் என்று கேட்டுச் சிரித்தோம். உன் பிள்ளை வேறு எப்படி இருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஐந்தாம் மாதம், இன்னும் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டேன் என்கிறாயாம். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாலு பிறந்த அன்று ரத்தம் நிற்கவில்லை என்று நீ மூன்று தடவை சொல்லியும், டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. நீ பிழைத்தது மறுபிறவி. நம் ஆட்கள் என்பதால்தான் காக்க வைத்தார்கள் என்று புகார் எழுதினாய். எல்லா இனத்தாரையும் ஒரே நேரத்துக்குள் கவனித்ததாகவே பதிவேடு காட்டுகிறது, பயத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரி பதில் போட்டது. நானும் அதை நம்பி உன் வாயை அடக்கினேன்.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

நான் அதே ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. திரையில் பெயர், வயது, முகவரி முடிந்ததும் ‘இனம்’ என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும். வலியோடு நிற்கிறவரிடம், பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் என்ன இனம் என்று எப்படிக் கேட்பது? எங்களில் யாருமே கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். முகத்தைப் பார்ப்போம், தட்டிவிடுவோம். நான் ஒரு படி மேலே போனேன். நம் ஆட்கள் வந்தால் ‘பெரும்பான்மை’ என்றே தட்டினேன். திரையைப் பார்த்தாவது நன்றாகக் கவனிக்கட்டுமே என்ற நல்லெண்ணம். வார்டில் யார் திரையைப் பார்க்கிறார்கள்? முகத்தைப் பார்க்கிறார்கள், பேச்சைக் கேட்கிறார்கள்.

போன வருஷம், சிகிச்சையின் தரத்தைக் கண்காணிக்கும் பிரிவுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். எதைப் பார்த்தாலும் எத்தனை நிமிஷம், எத்தனை பேர் என்று கேட்பார். நாங்கள் வைத்த பெயர் இஞ்சு டேப். ஒரு நாள் கையில் காகிதத்தோடு கவுண்டருக்கு வந்து, “ஊர்ல நாலுல ஒருத்தர் உங்க ஆளுங்க. பிரசவ வார்டுல வருஷத்துக்குப் பதினேழு பேர்னுதான் இருக்கு. மத்தவங்கல்லாம் வீட்லயே பெத்துக்கறாங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் உன் பதிவைத் திறந்து பார்த்தேன். இனம் என்ற இடத்தில் பெரும்பான்மை. பதிந்தவர் என்ற இடத்தில் என் ஊழியர் எண்.

புரிகிறதா, கண்ணு? நீ காத்துக்கிடந்த ஒன்றரை மணி நேரத்தை நான் பெரும்பான்மையினரின் நேரத்தோடு சேர்த்துவிட்டேன். உன்னை மட்டுமல்ல, என் கவுண்டருக்கு வந்த நம் பெண்கள் எல்லோரையும். அவர்கள் காத்திருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போனது. உனக்கு வந்த பதில் தவறு. அதற்கு வழி செய்தது என் கை.

அன்று மாலையே இஞ்சு டேப்பிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஒரு போனையும் மூன்று வருஷத்துப் பிரசவப் பட்டியலையும் கொடுத்து, ஒவ்வொருவரையும் என்ன இனம் என்று நீங்களே கேளுங்கள் என்றார். முதலில் எனக்கு வாயே வரவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி கவனிக்கிறோமா என்று பார்க்கத்தான் கேட்கிறோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். சிலர் போனை வைத்துவிட்டார்கள், மறுபடி மறுபடி கூப்பிட்ட பிறகுதான் சொன்னார்கள். ஒருத்தி, “இதைக் கேக்க இவ்ளோ நாளாச்சா? எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டு, தன் பிரசவக் கதையையும் முக்கால் மணி நேரம் சொன்னாள். முடிக்க ஏழு வாரம் ஆனது.

பிறகு கூட்டம் போட்டு எண்களைத் திரையில் காட்டினார்கள். ரத்தப்போக்கு என்று சொன்னதிலிருந்து டாக்டர் வர மற்றவர்களுக்குச் சராசரி இருபத்திரண்டு நிமிஷம், நம்மவர்களுக்கு அறுபத்தொன்று. பெரிய டாக்டர், பதிவில் தப்பு இருக்கும் என்றார். நான் எழுந்து, தப்பு இருந்தது சார், அது நான் செய்தது, அதைத் திருத்திய பிறகு வந்த எண்தான் இது என்று சொன்னேன். அப்புறம் தலைமை நர்ஸ், ரத்தம் போகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிற உங்கள் பெண்களை ‘அமைதியாக இருக்கிறார்’ என்று நாங்களே எழுதி விட்டுவிட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் ரத்தம் நனைந்த துணியைத் தராசில் வைத்து எடை பார்க்கிறார்கள். அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அளவு தாண்டினால் டாக்டர் வந்தாக வேண்டும். நம்மவர்களுக்கு இப்போது முப்பத்துநான்கு நிமிஷம். இன்னும் சமமாகவில்லை. ஆனால் மாதாமாதம் குறைகிறது. அந்த எண்களை எழுதிய தாளை வார்டு வாசலில் ஒட்டுவது நான்தான். உன் புகாருக்கு அனுப்பிய பழைய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நீங்கள் சொன்னது சரி என்று ஆஸ்பத்திரி எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு தடவை படி.

அக்கா மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அதை வயிற்றில் இருக்கும் பிள்ளை மேல் காட்டாதே. இந்த வாரமே பரிசோதனைக்குப் போ. அங்கே கவுண்டரில் இருப்பவள் கேட்கக் கூச்சப்பட்டால், இவளும் நம் அக்கா மாதிரி ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு நீயே சொல். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் மூன்று தடவையோடு நிறுத்தாதே. ஒன்பதாம் மாதத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன். வீட்டுக்குள் விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பட்டியலில் நீயும் இருந்தாய். பல தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நான் தட்டியதை அழித்துவிட்டேன். மற்ற கட்டங்கள் நிரம்பிவிட்டன, உன்னுடையது மட்டும் காலியாக இருக்கிறது. பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் நிரப்ப மாட்டேன். உள்ளே ஒரு தாள் இருக்கிறது. நீயே உன் கையால் எழுதி அனுப்பு. அதன் கீழே இடம் மிச்சமிருந்தால், டாக்டர் என்ன சொன்னார் என்றும் ஒரு வரி எழுது.

நூறு வயசுக்கு நன்றாக இரு.

உன் அக்கா