மேற்குப் பக்கத்துக் கிரேன்

பிப்ரவரி 4

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று தெரியும், கண்ணாலேயே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்றாய். அன்றிலிருந்து உன் தம்பி ஞாயிற்றுக்கிழமைத் தபால்காரனாகிவிட்டான். வாரம் முழுக்க இங்கே வேலையாட்களை லிஃப்டில் ஏற்றி இறக்குகிறவனுக்கு இந்த ஒரு காகிதம் பாரமா என்ன.

செய்தியைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. எங்கள் கட்டடத்தின் உயரத்தை மறுபடியும் கூட்டிவிட்டார்கள். வேறு ஏதோ நாட்டில் இதைவிட உயரமாக ஒன்று எழுப்பப் போகிறார்களாம். கடைசி உயரம் எவ்வளவு என்று எஞ்சினியர்களுக்கே சொல்வதில்லை. வெளியே தெரிந்தால் எதிராளி ஒரு முழம் கூட்டிக் கட்டிவிடுவான் என்று பயம். நூறு மாடி முடிந்ததும் இறங்கி வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பிறகு உன்னைக் கேட்காமலே மறுபடி கையெழுத்தும் போட்டேன். அதற்குத்தானே என் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாய்.

கட்டடம் வளர வளர அதைப் பிடித்துக்கொண்டு என் கிரேனும் ஏறுகிறது. மேற்குப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பைனாகுலரை எடுத்தால் நம் மொட்டை மாடி நேர் எதிரே தெரிகிறது. நீ சொன்னதை மறக்கவில்லை. "வாங்கன்னு வாயால சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். கோபம் தீர்ந்தா கொடியில மஞ்சள் போர்வையைப் போடறேன். அதுவரைக்கும் படி ஏறக் கூடாது" என்றாய். தினமும் பார்க்கிறேன். சாயங்காலம் நம் தெருவில் விளக்குப் போட்ட பிறகும் இங்கே எனக்குக் கொஞ்ச நேரம் சூரியன் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் உன் நினைப்பு பாடாய்ப் படுத்துகிறது.

மேலே இருப்பவன்


பிப்ரவரி 18

வானத்தில் குடியிருப்பவருக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டவில்லை. திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது.

உச்சியில் நிற்கிற ஊசியில் யாரும் குடியிருக்க மாட்டார்களாமே, தம்பி சொன்னான். ஜன்னல் இல்லை, அறை இல்லை, வெறும் இரும்பு. உலகத்திலேயே உயரம் என்று சொல்லிக்கொள்ள மட்டும் அது. "ஆள் இல்லாத உயரத்துக்கு அவ்வளவு பேர் உயிரைக் கொடுக்கணுமாடா" என்று கேட்டேன். "எல்லா நாட்டுலயும் இப்படித்தான்கா" என்கிறான். எல்லா நாட்டிலும் பைத்தியம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் உங்கள் கண்ணைச் சோதித்தவள் நான்தான். தூரத்தில் இருப்பது உங்களுக்குக் கடைசி வரி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவளைத்தான் தெரியவில்லை. அதற்கு எங்கள் கடையில் கண்ணாடி கிடையாது.

இன்னொரு விஷயம். முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். ஜூன் மாதம் பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் வீட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேலே குளிருமாம். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டை இங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

கீழே இருப்பவள்


ஏப்ரல் 8

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

போன வியாழக்கிழமை எல்லாரையும் தாண்டிவிட்டோம். இன்றைய தேதிக்கு உலகத்தில் இதைவிட உயரமாக மனிதன் கட்டியது எதுவும் இல்லை. வேலையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு இனிப்பு கொடுத்தார்கள். என் இனிப்பு வாளியில் கட்டி மேலே வந்தது. வாயில் போடுவதற்குள் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கட்டடம் நேராக நிற்பதில்லை, தெரியுமா? ஆடுகிறது. ஆடத்தான் வேண்டுமாம், விறைத்துக்கொண்டு நின்றால் ஆபத்து. காற்று ஒரே மாதிரி தாளம் போடாமலிருக்க, மேலே போகப் போக உருவத்தையே மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். உச்சிக்குக் கீழே ஒரு வீட்டளவு இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் போனால் அது மறுபக்கம் போய் இழுத்துப் பிடிக்கும். நம் வீட்டில் நீ பார்த்த வேலை அதுதான் என்று உன் தம்பியிடம் சொன்னேன். "இதை அக்காகிட்ட குண்டுன்னு மட்டும் எழுதிடாதீங்க மாமா" என்றான்.

முன்பு உன் கடையிலிருந்து நீ கொண்டுவந்து கொடுத்த கறுப்புக் கண்ணாடி ரொம்ப உதவுகிறது. காலையில் வந்து உட்கார்ந்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது, அது இல்லாவிட்டால் கண் அவிந்துபோகும். இந்த வாரமும் உன்னைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வெள்ளை விரிப்புகள், நீலத் துண்டு. புதன்கிழமை தாமதமாகத்தான் மாடிக்கு வந்தாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த வலிக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு, அசட்டையாக இருக்காதே.

மேலே இருப்பவன்


ஏப்ரல் 15

உங்களுக்கு,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் தினமும் மாடியைப் பார்த்தீர்களா? கொடியில் என்னவெல்லாம் இருந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

கீழே இருப்பவள்


ஏப்ரல் 22

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

இதென்ன பரீட்சை? பார்த்தேன், தினமும் பார்த்தேன். திங்கட்கிழமை உன் கடைச் சீருடை. அப்புறம் வெள்ளை விரிப்பு, தலையணை உறைகள், அதே நீலத் துண்டு. வழக்கம்போலத்தான். மஞ்சள் எங்கேயும் இல்லை. குறை சொல்லவில்லை, உன் கோபம் தீரும்போது தீரட்டும்.

ஒரு சேதி. கம்பெனிக்காரர்கள் அடுத்த கட்டடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். கடல் தாண்டி. இதைவிடவும் உயரம், இந்தத் தடவையும் எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மனசு வரவில்லை, மறுக்கவும் மனசு வரவில்லை. நீ கூப்பிடாதபோது நான் எந்தக் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தால் என்ன என்று சில சமயம் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதே, தோன்றியதை எழுதிவிட்டேன்.

மேலே இருப்பவன்


மே 6

உங்களுக்கு,

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலையில் மஞ்சள் போர்வையைக் கொடியில் போட்டேன். ஒரு வாரம் எடுக்கவில்லை. மழையில் நனைந்து மறுபடி காய்ந்தது. எதிர்வீட்டு அம்மா, "இன்னுமா காயலை?" என்று கேட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். யாராவது படி ஏறினால் மேல்வீட்டுப் பையன் என்று தெரிந்தும் எட்டிப் பார்த்தேன். இதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. வெள்ளை விரிப்பாம், நீலத் துண்டாம்.

பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காலை வெயில் முகத்தில் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடு உங்களுக்கு மேற்கே. மேற்கே பார்த்து உட்கார்ந்தவன் முகத்தில் காலை வெயில் எப்படி அடிக்கும்? தம்பியைக் கேட்டேன். "மாமா கிரேனைக் கிழக்குப் பக்கம் மாத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே, உயரத்தைக் கூட்டினப்பவே மாத்திட்டாங்களே" என்றான். உங்களுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் அந்தக் கட்டடம் முழுக்க நிற்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். உட்கார்ந்து யோசித்தேன். புதன்கிழமை தாமதமாகத்தான் மாடிக்குப் போனேன், உண்மை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்மை. பார்க்காமல் எழுதியதில் பாதிக்கு மேல் சரியாக இருக்கிறது. பக்கத்திலேயே இருந்த அத்தனை வருஷத்தில் இதில் ஒன்றையாவது என்னிடம் கேட்டிருக்கிறீர்களா? அழுதேன். ஏன் மறைத்தீர்கள்?

முதலாளி பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். போர்வையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். இனி கொடியில் போட மாட்டேன்.

கீழே இருப்பவள்


மே 28

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

உன் கேள்விக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். நம் மாடி இங்கிருந்து தெரியவில்லை என்று சொன்னால் நீ அங்கே வருவதையே விட்டுவிடுவாய் என்று பயந்தேன். கிழக்குப் பக்கம் கடல்தான் தெரிகிறது, ஒரு நாளைக்குமேல் பார்க்க அதில் என்ன இருக்கிறது. பாரத்தைத் தூக்கி இறக்கியபடியே, இந்நேரம் நீ கடையைத் திறந்திருப்பாய், இந்நேரம் அடுப்பை அணைத்திருப்பாய் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அதைத்தான் பார்த்ததாக எழுதினேன். கொடியில் மஞ்சள் இருந்த அந்த வாரம் முழுக்க நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன்.

உச்சி முடிந்துவிட்டது. இனி கிரேனை இறக்க வேண்டும். அது தானாக இறங்காது. கூரைமேல் ஒரு சின்னக் கிரேனை ஏற்றி, அதை வைத்துப் பெரியதைக் கழற்றுவார்கள். அந்தச் சின்னதைக் கழற்ற அதைவிடச் சின்னது. கடைசியில் மிஞ்சுவதைக் கையாலேயே பிரித்து லிஃப்டில் இறக்கிவிடுவார்கள். மாசக்கணக்கில் ஆகும். அந்தச் சின்னதில் உட்காரச் சொன்னார்கள். "வேற ஆளை வைங்க. என்னைக் கழட்ட யாரும் வேண்டாம், நான் முழுசாவே இறங்கிடறேன்" என்றேன். கடல் தாண்டியும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். லிஃப்டில் ஒரே மூச்சில் இறங்க முடியாது, அவ்வளவு நீளத்துக்குக் கயிறு போட்டால் கயிற்றின் எடையையே கயிறு தாங்காதாம். நடுவில் மாறி மாறி இறங்கினேன். கடைசி லிஃப்டை உன் தம்பிதான் ஓட்டினான்.

இப்போது நம் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டி காலடியில் இருக்கிறது. உன் தம்பி தலையில் அடித்துக்கொள்கிறான். "நேரா போய்க் கதவைத் தட்டுங்க மாமா, நாலு வீடு தள்ளி இருக்கறவங்களுக்கு ஒரு லெட்டரா?" என்கிறான். நீ கூப்பிடாமல் படி ஏறுவதில்லை என்று ஒத்துக்கொண்டவன் நான். இதையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இங்கிருந்து மொட்டை மாடி நன்றாகத் தெரிகிறது, பைனாகுலர் வேண்டியதில்லை. கொடியில் ஒன்றுமே இல்லை. நீ ஊருக்குப் போவதென்று முடிவு செய்திருந்தால் அதையும் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன். பதில் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.

தெருமுனையில் இருப்பவன்


(அதே தாளின் பின்புறம்)

கொடியில் இருக்காது. மஞ்சள் போர்வையைக் கட்டிலில் விரித்திருக்கிறேன்.

முதலாளியிடம் வரவில்லை என்று போன வாரமே சொல்லிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொன்னதையும் இப்போது எழுதிவிடுகிறேன்: வாங்க.

இங்கே லிஃப்ட் கிடையாது, ஏறித்தான் வர வேண்டும். ரெண்டு மாடிதான்.