சாட்சியம் எடுக்கும் நாள்

கொழும்புத்துறை,
05.10.2025

அன்பின் றோய்க்கு,

மாதாவின் கிருபையால் மாமியும் பிள்ளையும் நல்ல சுகம். ஷெரோன் இப்போது நடக்கிறாள், விழுந்தாலும் அழுவதில்லை. என் வருத்தத்தைப் பற்றிப் போனில் தொடங்கினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கதையை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் சுபாஸ் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளும் ஒடியலும் அதே பையில் இருக்கின்றன. சாப்பிட்ட பிறகு வாசியுங்கள்.

தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். போன கிழமை ஸ்கான் முடிவு வந்தது. மார்புக் கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் ஈரலிலும் பரவியிருக்கிறதாம். முழுதாக மாற்ற முடியாது, கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்று அங்குள்ள டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். "அது ஆளுக்காள் வித்தியாசம் தங்கச்சி" என்றார்.

இனி, முதலில் என்னைப் பார்த்த டொக்டருக்கு எதிரான வழக்கு. கோப்பாயில் இருக்கும் சட்டத்தரணி கஜானி பொறுமையாக விளங்கப்படுத்தினார். மருத்துவ சபைக்குச் சத்தியக் கடதாசியோடு முறையிடலாம். அவர்கள் டொக்டரை விசாரிப்பார்கள், ஆனால் நட்டஈடு தரமாட்டார்கள். நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள். வருத்தத்தைக் கண்டுபிடிக்கச் சுணங்கியது என்று காட்டினால் மட்டும் போதாதாம். சுணங்கியதால் எனக்கு என்ன கெட்டது என்பதை இன்னொரு டொக்டர் வந்து சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்றார்.

இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். பிறகு மானிப்பாயில் ஓய்வுபெற்றிருக்கும் டொக்டர் சிவசுப்பிரமணியத்திடம் போனோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய்க்கு முதல்தரம் பால்கட்டி எண்டு நினைச்சதைப் பிழை சொல்லமாட்டன். திரும்பத் திரும்ப வந்தும் ஸ்கான் எடுக்காதது பிழை. அதைக் கோட்டிலை சொல்லுவன்" என்றார். நேரத்தோடு கண்டிருந்தால் நிச்சயம் தப்பியிருப்பேனா என்று கேட்டேன். "நிச்சயம் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். வாய்ப்புக் கனக்க இருந்திருக்கும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

மாமிக்கு முதலில் விருப்பமில்லை. டொக்டர்மாரோடு கொழுவினால் நாளைக்கு யார் எங்களைப் பார்ப்பார்கள் என்று பயந்தார். கஜானி அனுப்பிய கோரிக்கைக் கடிதம் கிடைத்ததும், முதலில் என்னைப் பார்த்த அந்த டொக்டரே ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. செலவுக்குத் தருவதாகச் சொல்லி ஒரு கடதாசியை நீட்டினார். ஒரு மாதத்தில் திரும்பி வரச்சொல்லியும் நோயாளி வரவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்துவிடுமாம்.

நான் வாய் திறக்க முதல் மாமி எழுந்துவிட்டார். "வரேல்லையோ? நான்தானே கூட்டிக்கொண்டு வந்தனான். பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு உங்கடை வாங்கிலை இருந்தனான். ஒவ்வொருமுறையும் பால்கட்டி, சுடுதண்ணி ஒத்தடம் பிடியுங்கோ எண்டுதான் அனுப்பினனீங்கள்" என்றார். சத்தம் போடவில்லை. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்க என்னால் முடியாது. ஊரில் பலர், நான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்றுதான் கதைக்கிறார்கள். நீங்களும் ஒருநாள், "ஏன் நேரத்தோடை காட்டேல்லை?" என்று கேட்டீர்கள். ஆத்திரத்தில் கேட்டீர்கள் என்று தெரியும். காட்டினேன், றோய்.

போன மாதம் வழக்குப் போட்டுவிட்டோம். மாமியும் சாட்சி. வழக்கு வருடக் கணக்கில் இழுபடும் என்று சொல்லிவிட்டுக் கஜானி அடுத்ததைச் சொல்லத் தயங்கினார். நானே கேட்டேன். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், எனக்குப் பிறகு நீங்களும் பிள்ளையும் வழக்கைத் தொடரலாமாம். என் சாட்சியத்தை மட்டும் முன்கூட்டியே எடுக்கும்படி அவர் மனுக் கொடுத்தார். நீதிபதி சம்மதித்து, நவம்பர் மாதம் இருபதாம் திகதி தந்திருக்கிறார். அந்த டொக்டருடைய சட்டத்தரணி குறுக்குக் கேள்வி கேட்பாராம். கேட்கட்டும். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் வரவேண்டும். வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை, நான் சொல்வதை முன்னால் இருந்து கேட்டால் போதும். டிசம்பரில் நத்தாருக்கு வைத்திருக்கும் லீவை இதற்கு எடுத்துவிடுங்கள். நத்தாருக்கும் சேர்த்து லீவு கேட்டு முதலாளியோடு பிரச்சினைப்படவேண்டாம். நத்தாருக்கு வேண்டியதை மாமி பிள்ளைக்குச் செய்வார்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். மாதா உங்களைக் கைவிடமாட்டா.

என்றும் உங்கள்,
றொசாந்தி