திவாலான கம்பெனியின் மோட்டார்

சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கும் என் பிரிய நைனாவுக்கு,

நீ போன பிறகு நான் யாரையும் நம்புவதில்லை. நம் கரண்டு மோட்டார் வண்டியின் சங்கதியைக் கேள். அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி திவாலாகி மூடிவிட்டதாம். பேட்டரிக்குப் புதுத் தகடு கேட்டதற்கு, இனித் தகடும் இல்லை, கம்பெனியும் இல்லை என்று மதராஸ் ஏஜெண்டு கையை விரித்துவிட்டான்.

எனக்கு ஒரு சந்தேகம். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சீமைக்குத் திரும்பும்போது, நீ பார்த்த கம்பவுண்டர் வேலைக்கு அன்பளிப்பு என்று வண்டியைக் கொடுத்தார்களே, கம்பெனி கவிழப்போவது அவர்களுக்கு அப்போதே தெரியுமா? உனக்கும் தெரியுமா? நான் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினாயே.

என் பிழைப்பு அந்த வண்டியில்தான் ஓடுகிறது. பெட்ரோல் வண்டிபோல் முன்னால் நின்று கம்பியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டாம் என்பதால்தானே மருத்துவச்சியான எனக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். ஆஸ்பத்திரி டைனமோவில் கரண்டு ஏற்றினால் பங்காருபாளையம் போய்ப் பிரசவம் பார்த்துத் திரும்பிவிடுவேன். இப்போது பாதி வழியிலேயே இழுத்துக்கொள்கிறது. ஒருமுறை மாந்தோப்போரம் நின்றேவிட்டது. மாட்டு வண்டி பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் சுகம்.

சித்தப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். திருப்பதியில் பஸ் விடுகிறவர், வாராவாரம் இங்கே வந்து நம் வண்டியை எதற்குச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்? "இன்னாத்துக்கும்மா இந்தச் செத்த வண்டி? பேட்டரி ஈயத்த எனக்குக் குட்த்துட்டு ஒரு ஜட்கா வெச்சிக்கினு போ" என்கிறார். அக்கறையாம். பேட்டரியில் அவர்தான் எதையோ கலக்குகிறார் என்று முடிவுகட்டி, பெட்டி மூடியின் குறுக்கே கறுப்பு நூல் ஒட்டிவைத்தேன்.

சித்தப்பா வராத நாளில் நூல் அறுந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கூஜாவோடு வந்தது யார் தெரியுமா? அம்மா.

"இன்னாம்மா பண்றே?" என்றேன்.

"தண்ணி வத்தக் கூடாதுன்னு உங்க நைனா சொல்வாரா இல்லியா? நீ ஒண்டியாப் போய்க்கினு வந்துக்கினு இருக்கிறவ. நடு ரோட்ல நின்னுபூட்டா யாரு வருவா? அதான் தெனமும் நல்லாக் கொதிக்கவெச்சி, ஆறவெச்சி, துணியில வடிகட்டி ஊத்தறேன்."

மிஷன் வீட்டுக்காரிதான் இப்படிச் செய்வாள் நைனா. கொதித்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்பது அவளுக்கு டாக்டரம்மா சொன்ன வேதம். நீ மருந்தறையிலிருந்து கொண்டுவந்து ஊற்றியது ஆவியைப் பிடித்துக் குளிரவைத்த தண்ணீர் என்று அவளுக்கு யார் சொன்னது? கொதித்தால் கிருமி சாகும். நம் கிணற்று உப்பு சாகுமா? தகடுகளை அது தின்று தீர்த்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அம்மா ஒவ்வொரு மூடியையும், பால் குடித்த குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே நானே ஊத்திக்கறேம்மா" என்று மட்டும் சொல்லிக் கூஜாவை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சித்தப்பா வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "யாரும்மா இப்டிக் கெடுத்தது?" என்றார். அம்மா காபியோடு பக்கத்தில் நின்றாள்.

"கம்பெனிக்காரன்தான் சித்தப்பா. மட்டமான தகட்டைப் போட்டு ஏமாத்திட்டான்" என்றேன். திவாலானவன் மறுக்கவா வரப்போகிறான்? சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், கொட்டகை மூலையில் நான் வைத்திருந்த கூஜாவைப் பார்த்தார், காபியைக் குடித்தார். அவருக்கு முன்பே தெரியுமோ?

வண்டி அடியோடு நின்றால் ஜட்காவில் போவேன், நடந்தாவது போவேன். எந்தத் தாயையும் காக்கவைக்க மாட்டேன். அம்மாவுக்கு உண்மை தெரியவிடமாட்டேன், கர்த்தர் அறியச் சொல்கிறேன். கண் மங்கியவள்தானே என்று இதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டினால் அவர்களைச் சும்மா விடமாட்டேன். என்றைக்காவது அவளே அங்கு வந்து, மோட்டாரைக் கெடுத்தது யார் என்று உன்னைக் கேட்டால், கம்பெனிக்காரன் என்றே சொல்லு. சிரித்து மழுப்பத்தான் உனக்குத் தெரியுமே.

யாரையும் நம்பாத உன் மகள்,
எஸ்தர்